பழைய சூப்பர்ப்பின் தோல் சீட்: தேங்காய் எண்ணெய் தடவலாமா?

உறையூர்க்காரன்:
வணக்கம். 2014 ஸ்கோடா சூப்பர்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறேன். தோல் சீட், சந்தன நிறம். டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம் கறுத்து, பளபளவென்று இருக்கிறது. முதுகு சாயும் இடத்தில் ஜீன்ஸின் நீலம் லேசாக ஏறியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மெத்தென்று ஆகிவிடும் என்கிறார் வாட்டர் வாஷ் கடைக்காரர். டேஷ்போர்டு பாலிஷே போதும் என்கிறார் மாமா. பின்சீட்டில் அப்பா உட்காருவார், அவருக்கு வழுக்கக் கூடாது. என்ன செய்யலாம்?

மேலூர் டிராவல்ஸ்:
இரண்டுமே வேண்டாம். எங்களிடம் ஓடிய ஒரு வண்டியில் இப்படித்தான் எண்ணெய் தடவிவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கினால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி முழுக்கக் கறை. பாலிஷ் போட்டால் பிரேக் அடிக்கும்போது ஆள் முன்னால் சறுக்குவார்.

ஆம்பூர் ஃபினிஷிங்:
தம்பி, நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங் பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தவன். நாங்கள் செய்தது பெரும்பாலும் ஷூ தோல்தான், ஆனால் கார் சீட்டுத் தோலுக்கும் அடிப்படை இதே வேலைதான்.

தோலுக்கு வேண்டிய கொழுப்பு டேனரியிலேயே உள்ளே போய்விடுகிறது. பதனிட்ட தோலைப் பெரிய டிரம்மில் போட்டு, வெந்நீரில் பால் மாதிரி கலக்கிய எண்ணெயோடு சுற்ற விடுவோம். ஃபேட் லிக்கர் என்று சொல்வது இதைத்தான். நார் நாராக அது ஊறினால்தான் தோல் மெத்தென்று இருக்கும். அப்புறம் காயவைத்து, நிறம் அடித்து, கடைசியில் மேலே பாலியூரித்தேன் டாப் கோட். நீங்கள் கையால் தொடுவது அந்தப் பூச்சைத்தான். அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவினால் அது எங்கே போகும்? அங்கேயே நின்று தூசியைப் பிடிக்கும். தையல் ஓட்டை வழியாகக் கொஞ்சம் இறங்கி, நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

அந்தக் கறுப்பும் பளபளப்பும் அழுக்குதான். வியர்வை, தலை எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து படிந்தது. நல்ல சீட்டுத் தோல் மினுங்காது. முதலில் தையல் இடுக்கில் இருக்கும் மண்ணை வேக்குவம் வைத்து எடுங்கள். தோலுக்கென்று விற்கும் கிளீனர் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நிறைய தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ போதும். சோப்புக் கட்டி மட்டும் கூடாது. தோல் அமிலப் பக்கம், அதன் pH 4-ஐ ஒட்டி இருக்கும்; சோப்பு காரப் பக்கம், 9, 10 வரை போகும். மென்மையான பிரஷ்ஷில் நுரையை மட்டும் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மெதுவாகத் தேய்த்து, காய்வதற்குள் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அழுத்தித் தேய்ப்பதைவிட இன்னொரு முறை செய்வது மேல். கறை துடைக்க விற்கும் வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம், உப்புத்தாள் போல டாப் கோட்டையே சுரண்டிவிடும்.

ஜீன்ஸ் நீலம் பூச்சுக்குள் இறங்கியிருந்தால் முழுதாகப் போகாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போய்விடாதீர்கள். நீலத்தோடு சீட்டின் நிறமும் வந்துவிடும்.

பீளமேடு கார்த்தி:
எல்லா இடமும் தோலாக இருக்காது என்பதையும் பாருங்கள். பல கார்களில் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும்தான் தோல், பக்கவாட்டும் பின்புறமும் ரெக்ஸின். சீட்டுக்கு அடியில் மடித்த ஓரம் தெரிந்தால் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் ரெக்ஸின்.

உறையூர்க்காரன்:
நன்றி அண்ணே. நேற்று ஓரத்தைக் கழுவினேன், துணியில் அப்பியது பழுப்புச் சேறு. அடியில் சந்தன நிறம் வந்துவிட்டது. ஆனால் அழுக்கு போனதும் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. கண்டிஷனர் போட்டால் மூடுமா?

ஆம்பூர் ஃபினிஷிங்:
மூடாது தம்பி. பூச்சு வெடித்த இடத்தை எந்த கிரீமும் ஒட்டவைக்காது. டாப் கோட் உள்ள தோலுக்கு கண்டிஷனர் செய்வது சின்ன வேலைதான்: உரசலைக் குறைக்கும், அடுத்த அழுக்கு சீக்கிரம் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த, பிசுபிசுக்காத கிரீமாக வாங்கி, மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைக் காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். அப்பாவுக்கு வழுக்காது. உண்மையில் தோலைக் கெடுப்பது சூடு. திருச்சி வெயிலில் நிறுத்தினால் சீட்டே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கண்ணாடிக்கு மறைப்பு போடாமல் கிரீமுக்குச் செலவழிப்பது வீண். வெடிப்பை நிரப்பி நிறம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், விரிவதற்குள் காட்டிவிடுங்கள். அதுவரை அந்த ஓரத்தில் கண்டிஷனரும் போடாதீர்கள், பசை இருந்தால் நிறம் பிடிக்காது.