ஐசர் பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

சென்னிமலையிலிருந்து:

என் தம்பி இந்த ஆண்டு திருப்பதி ஐசரில், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு அறிவியல் படிப்பான பி.எஸ்.-எம்.எஸ்.ஸில் சேர்ந்திருக்கிறான். எங்கள் உறவில் இதற்கு முன் யாரும் இப்படியொரு படிப்புக்கு விண்ணப்பித்ததில்லை. பொறியியல் என்றால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, கட்-ஆஃப் எவ்வளவு என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடச் சொல்லிவிடுவார். இதைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் இல்லை. அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஐசர் என்பது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு இடங்களில் இருக்கிறது. சேர்ந்தவுடன் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எல்லோரும் படித்தாக வேண்டும். எதில் ஆழமாகப் போவது என்பதைப் பிறகுதான் முடிவு செய்கிறார்கள். கடைசி ஆண்டு முழுக்க ஆராய்ச்சி.

"நாலையும் படித்தால் நாலிலும் அரைகுறையாகிவிடாதா சாமி?" என்றார் அப்பா. தம்பி நொய்யல் ஆற்றைக் காட்டித்தான் பதில் சொன்னான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று கட்டியது, திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்புப் போடுகிறார்கள். வழக்கமான சுத்திகரிப்பில் நிறம் போகும், கரைந்த உப்புப் போகாது. அது வேதியியல். மண்ணில் உப்பு கூடினால், காலடியில் ஈரம் இருந்தும் தென்னை வேரால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. அது உயிரியலும் இயற்பியலும் சேர்ந்தது. நிலத்தடியில் அந்த உப்பு எவ்வளவு தூரம், எத்தனை ஆண்டில் நகரும் என்று பார்க்கக் கணிதம் வேண்டும். "இதில் எந்தப் பாடத்தை விட்டாலும் நம் கிணறு விளங்காது அப்பா" என்றான். அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஈரோட்டு மாமாவிடம் போனில் இதையே விளக்கிக்கொண்டிருந்தார்.

நுழைவுத் தேர்வுக்கு ஐ.ஏ.டி. என்று பெயர். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், பாடத்துக்குப் 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். மொத்தம் 240. தமிழில் எழுத முடியாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பிளஸ் ஒன்னிலேயே என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைக் கூடவே வைத்துப் படிக்கத் தொடங்குவது நல்லது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது சாதிச் சான்றிதழைப் பற்றி. நம் பகுதியில் பெரும்பாலானோர் கையில் இருப்பது தமிழக அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ். விண்ணப்பத்தைப் பதிவேற்றிக் கொடுத்த கணினி மையத்துக்காரர் அதுவே போதும் என்றார். போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிக்க பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்டு வட்டாட்சியர் தரும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும். அதுவும் பழையதாக இருக்கக் கூடாது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். தம்பி அறிவிப்பை வரிவரியாகப் படித்திருந்ததால் அங்கேயே தடுத்துவிட்டான். பிறகு இன்னொரு சிக்கல். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். விவசாய வருமானம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் தோட்டம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அலுவலகத்தில் ஒருவர் எங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். விதியை அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் மனு நகர்ந்தது. ஓ.பி.சி.க்கான 27 சதவீத இடஒதுக்கீடு நம் பிள்ளைகளின் உரிமை. ஒரு காகிதத்துக்காக அதை இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாமக்கல்லிலிருந்து, பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை:

சென்னிமலை சகோதரி எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் படிப்பின் கதவு பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும்போதே பாதி திறந்துவிடுகிறது, அல்லது பாதி மூடிவிடுகிறது. நான்கு பாடங்களில் மூன்றைப் படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம், பொதுப் பிரிவினருக்கு 60 சதவீத மதிப்பெண் வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் தேர்வுத் தாளில் நான்கும் இருக்கும். கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவருக்கு உயிரியலின் 60 மதிப்பெண்ணும், நீட்டை மட்டும் மனத்தில் வைத்துக் கணிதத்தை விட்டவருக்குக் கணிதத்தின் 60 மதிப்பெண்ணும் கையை விட்டுப் போகும். அதனால் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பை எடுக்கச் சொல்கிறேன். பாரம் அதிகம்தான். சுமக்கக்கூடிய பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் விடுதியோடு நடக்கும் சில பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்ட மாதிரி காட்டிவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவிவிடுவார்கள். அங்கிருந்து வந்து என்னிடம் சந்தேகம் கேட்ட ஒரு மாணவிக்கு வெப்ப இயக்கவியலின் முதல் விதியே தெரியவில்லை. பொதுத் தேர்வில் இயற்பியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அவள்! அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஓராண்டை அவளிடமிருந்து பறித்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

வேலையைப் பற்றிப் பெற்றோர் கேட்கும்போது மழுப்பாமல் சொல்லுங்கள். பொறியியல் போல நான்காம் ஆண்டிலேயே சம்பளம் என்று நினைத்து இதில் சேர வேண்டாம். பலர் அடுத்து முனைவர் பட்டத்துக்குப் போவார்கள், காலம் பிடிக்கும். ஆனால் ஆராய்ச்சி நமக்குத் தொலைவான உலகம் இல்லை. 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில்தான் ஆலைக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கினார்கள். தாவர மரபியலாளர் ஜானகி அம்மாள் பணியாற்றிய இடமும் அதுவே. கோவைக்குப் போகும் பெற்றோரிடம் அந்த நிலையத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து, திருவனந்தபுரம் ஐசர் மாணவன்:

நான் கம்ப்யூட்டர் குரூப்பிலிருந்து வந்தவன். டீச்சர் சொல்வது உண்மை, ஆனாலும் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. மற்ற மூன்று பாடங்களை நன்றாக எழுதி, உயிரியலில் மரபியல், செல் உயிரியல் இரண்டை மட்டும் படித்துக்கொண்டு போனேன். ஐசர் போலவே அறிவியல் படிப்பு நடத்தும் புவனேஸ்வர் நைசரில் சேர நெஸ்ட் என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. அதில் சிறந்த மூன்று பாடங்களின் மதிப்பெண்ணைப் பார்ப்பது வழக்கம் என்பதால், ஒரு பாடத்தை விட்டவர்களுக்கு ஐ.ஏ.டி.யைவிட அது வசதி. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

எங்கள் வளாகம் பொன்முடி மலைக்குப் பக்கத்தில், விதுராவில். முதல் பருவத்தில் உயிரியல் வகுப்பு எனக்குப் பெரிய பாடு. மருத்துவ இடம் கிடைக்காமல் இங்கே வந்த நண்பன் எனக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தான். நான் அவனுக்கு வகைநுண்கணிதம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவன் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்க யோசிக்கிறான். பிளஸ் டூவிலேயே ஒருவரை இன்ன பாடத்துக்காரர் என்று முத்திரை குத்துவது எவ்வளவு அவசரம் என்று அவனைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

பணத்துக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். தகுதி பெறுகிறவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் கிடைக்கும்.

கோபியிலிருந்து:

என் மகள் இப்போது பிளஸ் டூ. ஓ.பி.சி. சான்றிதழுக்கு எப்போது மனுப் போடட்டும்? பொறியியல் கலந்தாய்வையும் விட மனமில்லை.

சென்னிமலையிலிருந்து:

இரண்டையும் விட வேண்டாம் அக்கா. பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்து வையுங்கள், ஐ.ஏ.டி.யும் எழுதட்டும். சான்றிதழுக்குப் புதிய நிதியாண்டு பிறந்ததும், ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவையில் மனுப் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று கை மாற வேண்டும். கையில் வந்ததும் மகளின் பெயர் எழுத்துகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.