நேரியலற்ற ஒளியியல் மூலக்கூறுகள்: கணினியில் தொடங்கலாமா, படிகத்தில் தொடங்கலாமா?

ஜூரோங் கதிர்:
லேசர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் கரிம மூலக்கூறுகளை இனி ஆய்வகத்தில் தேடத் தொடங்குவது வீண் என்பது என் கருத்து. ஒரு முனையில் எலக்ட்ரானைக் கொடுக்கும் அமினோ, மறுமுனையில் இழுக்கும் நைட்ரோ, நடுவே எலக்ட்ரான்கள் எளிதில் நகரும் பை-எலக்ட்ரான் பாலம். மூன்றையும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் வரைந்து பீட்டா மதிப்பை, அதாவது ஒரு தனி மூலக்கூறில் இந்த விளைவு எவ்வளவு வலுவானது என்பதைக் கணக்கிடலாம். மேலே வருவதை மட்டும் தயாரித்தால் போதும். ஆஸ்பயர் 2ஏ மீத்திறன் கணினி நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. ஒன்றைத் தயாரித்துச் சுத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகும். கணக்கு ஓர் இரவில் முடியும்.

கிளமெண்டி புவனா:
தம்பி, பாரா-நைட்ரோஅனிலினை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் அமைப்புக்கு அதுதான் பாடப்புத்தக உதாரணம். பீட்டா நன்றாகவே வரும். அதன் மஞ்சள் தூளைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து 1064 நானோமீட்டர் லேசரை அடித்தால் பச்சை வராது. அதே இடத்தில் யூரியாத் தூளை வையுங்கள், 532இல் பச்சைப் புள்ளி பளிச்சென்று தெரியும். நைட்ரோஅனிலின் படிகத்தில் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக அடுக்கிக்கொள்கின்றன. இப்படி ஒன்றுக்கொன்று எதிராக அமையும் மையச் சமச்சீர் வந்துவிட்டால், அதிர்வெண் இரட்டிப்பு போன்ற இரண்டாம் படி விளைவு முழுக்க அடிபட்டுப் போகும்.

இப்போது அமினோவுக்குப் பக்கத்தில் ஒரு மெத்திலைச் சேருங்கள். கிடைப்பது 2-மெத்தில்-4-நைட்ரோஅனிலின். தனி மூலக்கூறின் பீட்டா பெரிதாக மாறாது. ஆனால் படிகத்தில் அந்தச் சமச்சீர் இல்லை. அதனால்தான் அது இத்துறையில் இவ்வளவு பெயர் பெற்றது. உங்கள் பட்டியலில் இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கும், ஒன்று பயன்படும், மற்றது பயன்படாது.

ஜூரோங் கதிர்:
சரி அக்கா, படிகமே வேண்டாம். பாலிமரில் கலந்து, அது இளகும் வெப்பநிலைக்குச் சூடாக்கி, மின்புலம் கொடுத்து மூலக்கூறுகளை ஒரே பக்கம் திருப்பி, அப்படியே குளிரவைக்கலாமே. மின்புலத்தால் ஒளியைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டர்களுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்? அங்கே பீட்டா நேரடியாகப் பேசும்.

கிளமெண்டி புவனா:
பீட்டாவைக் கூட்ட நீங்கள் வலுவாக்கும் அதே அமைப்பு, பெரும்பாலும் மூலக்கூறின் இருமுனையையும் (இரு முனைகளுக்கு இடையிலான மின்னேற்றப் பிரிவை) பெருக்கிவிடும். செறிவு ஏறினால் அவை காந்தத் துண்டுகள் போல எதிரெதிராக ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டத்துக்கு மேல் இந்தச் சாய மூலக்கூறுகளைச் சேர்க்கச் சேர்க்க விளைவு குறையும்.

செங்காங் மோகன்:
அந்த முடிச்சை அவிழ்க்க உதவியதும் கணக்குதான் அக்கா. 2000 வாக்கில் ஆய்வாளர்கள் டால்டனும் ராபின்சனும் மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். நீளமான மூலக்கூறுக்குப் பக்கவாட்டில் பருத்த தொகுதிகளை ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும் போக்கு குறையும் என்று தெரிந்தது. தயாரித்துப் பார்த்தபோதும் பலன் கிடைத்தது. கதிரின் கணக்கில் எனக்குப் பிடிக்காதது வேறு. நீண்ட சங்கிலிகளுக்கு பி3எல்ஒய்பி என்ற கணக்கீட்டு முறை பீட்டாவை ஊதிக் காட்டும். குறைந்தபட்சம் அதன் திருத்திய வடிவமான கேம்-பி3எல்ஒய்பி, சில மூலக்கூறுகளுக்காவது எம்பி2 என்ற வேறு முறை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அப்புறம், ஊடார், ஷெம்லா என்ற ஆய்வாளர்கள் 1977இல் சொன்ன, மூலக்கூறின் அடிநிலை, கிளர்நிலை இரண்டை மட்டும் கொள்ளும் இரு நிலை மாதிரிப்படி, அவற்றின் ஆற்றல் இடைவெளி சுருங்கினால் பீட்டா ஏறும், உட்கவர்வும் (மூலக்கூறு விழுங்கும் ஒளியும்) சிவப்புப் பக்கம் நகரும். பீட்டாவை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், தான் உண்டாக்கும் பச்சையைத் தானே விழுங்கும் மூலக்கூறுகள்தான் மேலே வரும்.

ஜூரோங் கதிர்:
உட்கவர்வையும் சேர்த்தே வடிகட்டுகிறேன். ஆனால் படிக அடுக்கை ஆயிரம் மூலக்கூறுகளுக்கு முன்கணிக்க முடியாது. ஒரே மூலக்கூறுக்கு எத்தனையோ அடுக்குகள், அவற்றின் ஆற்றல் வித்தியாசம் மோலுக்குச் சில கிலோஜூல்தான்.

கிளமெண்டி புவனா:
முன்கணிக்கச் சொல்லவில்லை, அடுக்கை மாற்ற ஒரு கைப்பிடி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். டாஸ்ட் என்ற கரிம உப்பின் படிகத்தைப் பாருங்கள். ஸ்டில்பசோலியம் நேரயனியோடு (நேர்மின் அயனி) டோசிலேட் எதிரயனி (எதிர்மின் அயனி) சேர்ந்தபோது மையச் சமச்சீரற்ற படிகம் கிடைத்தது. இன்று டெராஹெர்ட்ஸ் கதிர்களை உண்டாக்கப் பயன்படுகிறது. அதிலும் ஈரம் புகுந்தால் ஆரஞ்சு நிறத்தில் நீரேறிய படிகமாகி, விளைவு போய்விடும். நம் ஊர்க் காற்றில் இது பெரிய விஷயம். நிறமூட்டும் நேரயனியைக் கணினி தேர்வு செய்யட்டும். எதிரயனிகளை மாற்றி மாற்றி ஆய்வகத்தில் வளர்ப்போம்.

ஜூரோங் கதிர்:
நியாயம்தான். உங்களிடம் உள்ள எதிரயனிகளின் பட்டியலை இங்கேயே போடுங்கள் அக்கா, நேரயனிகளை நான் தருகிறேன். ஆனால் பீட்டா வடிகட்டியை முதலில்தான் வைப்பேன். பலவீனமான மூலக்கூறு எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பலவீனமான படிகத்தைத்தான் தரும்.