ஒன்ராறியோவில் ஆர்ட்டிக்லிங் விலக்கு: ஜூனியர் அனுபவத்தை நிரூபிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு பார் கவுன்சிலில் 2013இல் பதிவு செய்து, மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை, சொத்து வழக்குகளை நடத்திவந்த நான், இப்போது ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடும் கனடிய அமைப்பான என்.சி.ஏ. விதித்த தேர்வுகளை எழுதித் தகுதிச் சான்றிதழ் பெற்று, ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பாரிஸ்டர், சொலிசிட்டர் தேர்வுகள் இரண்டிலும் தேறிவிட்டேன். எஞ்சியிருப்பது ஆர்ட்டிக்லிங், அதாவது உரிமம் பெறுமுன் ஒரு வழக்கறிஞரின் கீழ் பெறும் பணிப் பயிற்சி மட்டுமே.

தமிழ்க் கட்சிக்காரர்கள் அதிகம் வரும் அலுவலகங்கள் உட்படப் பல இடங்களுக்கு விண்ணப்பித்தும், கனடிய அனுபவம் உண்டா என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த அனுபவத்துக்காகத்தானே விண்ணப்பிக்கிறோம்! மாற்று வழியான எல்.பி.பி. (சட்டத் தொழில் பயிற்சித் திட்டம்) பயிற்சியில் சேர, வீட்டு வாடகைக்கு ஆதாரமான இப்போதைய வேலையை விட வேண்டியிருக்கும்.

ஆகவே, இந்தியாவைப் போலப் பொதுச் சட்ட (காமன் லா) மரபுள்ள நாட்டில் குறைந்தது 10 மாதங்கள் தொழில் செய்தவர்களுக்கான விலக்கைக் கோர எண்ணுகிறேன். சிக்கல் சான்றுகளில்தான் இருக்கிறது. என் அனுபவத்துக்குக் கடிதம் தரக்கூடிய என் சீனியர் வழக்கறிஞர் காலமாகிவிட்டார். ஜூனியர்களுக்குச் சம்பளச் சீட்டு தரும் வழக்கம் நம் ஊரில் ஏது? அவர் கையில் கொடுத்ததுதான் வருமானம். அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் கையொப்பமும் உள்ள வக்காலத்துகளின் நகல்கள், நான் வாதாடியது பதிவான சில தீர்ப்புகள், பார் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று ஆகியவை மட்டுமே என்னிடம் உள்ளன.

இதே நிலையில் இந்தியாவிலிருந்து வந்து விலக்குப் பெற்றவர்கள், சீனியரின் கடிதத்துக்கு ஈடாக எந்த ஆவணங்களைச் சமர்ப்பித்தீர்கள்?