சீன மாணவருக்கு ‘டேக்’ எப்படிச் சொல்லித் தருவது?

காட்பாடி டீச்சர்:
இங்கே படிக்க வந்திருக்கும் சீன மாணவர் ஒருவருக்கு மூன்று மாதமாகச் சாயங்காலத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நல்ல கெட்டிக்காரர், ஆனால் ‘டேக்’ மட்டும் பிடிபடவில்லை. முதல் நாளே ‘டேக் என்றால் நா’ என்று சொல்லிவிட்டேன். ‘நா’ என்றால் சீனத்தில் எடு, அவ்வளவுதான். போன வாரம் காய்ச்சலோடு மெடிக்கலுக்குப் போனவரிடம், “டேக் திஸ் ஆஃப்டர் ஃபுட்” என்று கடைக்காரர் அட்டையை நீட்டியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து, அட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். ராத்திரி முழுக்கக் காய்ச்சல். எனக்கு மனசே சரியில்லை.

ஆம்பூர் அண்ணன்:
தோல் வியாபாரமாகக் குவாங்சோவில் ஆறு வருஷம் இருந்தவன் நான். அவர்கள் மருந்தைச் சாப்பிடுவார்கள், ‘ச்சி யாவ்’. நாமும் மருந்து சாப்பிட்டியா என்றுதானே கேட்கிறோம்! பஸ்ஸில் ‘உட்காருவார்கள்’, அது ‘த்ஸுவோ ச்சே’. போட்டோவுக்கு ‘பாய்’, குளிக்க ‘ஷி த்ஸாவ்’. ஆங்கிலம் ஒரே டேக்கை வைத்து ஓட்டுகிறது, அவர்களுக்கு இடத்துக்கு ஒரு வினை. அரை மணி நேரம் ‘ஆகும்’ என்று நாம் சொல்வதற்கு அவர்கள் ‘யாவ்’ என்பார்கள், ‘வேண்டும்’ என்று அர்த்தம். மருந்துக்கும் இதே ஒலிதான், எழுத்து வேறு. அதனால் டேக்குக்குத் தனியாக அர்த்தம் சொல்லாதீர்கள். ‘டேக் அ பஸ்’ என்று கூட வரும் சொல்லோடு சேர்த்தே கொடுங்கள்.

குடியாத்தம் அக்கா:
‘பிரிங்’ வந்தால் இன்னும் குழம்புவாரே. நம்ம ஊரில் ‘எடுத்துனு வா’, ‘எடுத்துனு போ’ என்கிறோம் இல்லையா? சீனத்திலும் அப்படியே: ‘தாய் லாய்’, ‘தாய் ச்சூ’. வருவது பிரிங், போவது டேக். உங்கள் தமிழை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம், டீச்சர்.

காட்பாடி டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நேற்று பாகாயம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸிலேயே பாடம் நடத்தினேன். தண்ணீர் பாட்டில் தன் பக்கம் வந்தால் ‘பிரிங்’, என் பக்கம் போனால் ‘டேக்’ என்று அவரே கேட்டுக் கேட்டுப் பழகினார். ஆனால் ‘டுக்’ வரவில்லை. ‘எஸ்டர்டே ஐ டேக்’ என்றே சொல்கிறார்.

ஆம்பூர் அண்ணன்:
அவர்கள் வினை காலத்துக்கு ஏற்ப மாறாது. முடிந்ததைக் காட்ட ‘லெ’ சேர்ப்பார்கள்: ‘ச்சி லெ யாவ்’, மருந்து சாப்பிட்டாச்சு. மனசில் ‘லெ’ வரும்போது வாயில் ‘டுக்’ வரட்டும் என்று சொல்லிப் பாருங்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆரம்பிக்க உதவும்.