பூவாறு ரிசார்ட்டில் பெரியவர்களுக்கு மட்டும் மீன் விருந்து: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

களியக்காவிளைக்காரி

மே மாத லீவில் குடும்பத்தோடு கேரளத்துப் பூவாறு போய் இரண்டு ராத்திரி தங்கினோம். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்தில், படகில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். நானும் வீட்டுக்காரரும், மாமாவும் மாமியும், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

பிள்ளைகளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. நீச்சல் குளம், ஊஞ்சல், சாயங்காலம் ஆறு மணிக்கே அவர்களுக்கென்று தோசை, நூடுல்ஸ். பெரியவர்களுக்கு, தண்ணீருக்கு மேல் தூண் நட்டுக் கட்டிய ஒரு மீன் உணவகம் தனியாக இருந்தது. ராத்திரி ஏழரைக்கு மேல் பதினாறு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை என்று வாசலில் எழுதியிருந்தது. முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது என்ன நியாயம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். மாமிதான், "பிள்ளியள நான் பாத்துக்கிடுதேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாருங்க" என்றார்.

போனோம். சின்னவள் வாசல் வரை வந்து அழுதாள். பலகைப் பாலத்தில் நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மெனுவில் சிங்கிறால், நெய்மீன், கரிமீன் பொள்ளிச்சது என்று பெரிய பெயர்களாக இருந்தன. பரிமாற வந்த பையன் பாறசாலைக்காரன், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசினான். "இன்னைக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன். நண்டு மத்தியானம் வந்தது, உயிரோடு இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்க் கூடையோடு வந்தான். கொடுக்கைக் கயிற்றால் கட்டிய களிநண்டு நான்கு. ஒன்று வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டைக் காட்டினோம். எங்கள் முன்னாலேயே எடை போட்டான், 1 கிலோ 100 கிராம்.

அரை மணி நேரத்தில் வந்தது. நல்லமிளகும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயில் கறுக்க வதங்கி, ஓட்டின் இடுக்கெல்லாம் மசாலா ஏறியிருந்தது. கொடுக்கை உடைக்க ஒரு இடுக்கி வைத்தார்கள். வீட்டுக்காரர் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பல்லாலேயே கடித்தார். நான் கொடுக்கின் மூட்டை மெதுவாகத் திருகி இழுத்தேன். சதை விரல் நீளத்துக்கு, ஒரு நார்கூட அறாமல் உருவிக்கொண்டு வந்தது. அதை வாயில் வைத்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன், நான் முழுசாக ஒரு நண்டு சாப்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் வாங்காமல் இல்லை. உடைத்து, சதையெடுத்து, ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்து, பெரியவனுக்கு ஒரு வாய், சின்னவளுக்கு ஒரு வாய். என் முறை வரும்போது கறி ஆறிப்போயிருக்கும். மீன் வைத்தாலும் அப்படித்தான், முள்ளெடுப்பதிலேயே பொழுது போய்விடும். அன்றைக்கு இரண்டு கையும் எனக்கே இருந்தன. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். பேசியது கொஞ்சம்தான்.

அறைக்குத் திரும்பியபோது பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள். மாமி சின்னவளின் காலைத் தட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். பஃபேயில் எடுத்த மீனை முள்ளெடுத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, அவர் மோர்ச்சோறு சாப்பிட்டிருக்கிறார். மாமா சொல்லித்தான் தெரிந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போனவர்கள், நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். மறுபடியும் போக வேண்டும் என்று இருக்கிறது.

தூத்தூர் மகன்

அக்கா, "இன்னைக்கு என்ன வந்தது" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் விஷயம். எங்கள் அப்பாவோடு போனதைச் சொல்கிறேன்.

அப்பா நாற்பது வருஷம் ஆழ்கடலுக்குப் போனவர். தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கிற படகு. லட்சத்தீவுப் பக்கம், குஜராத் கடல் என்று வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்திருக்கிறார். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது அவர் கரையில் இருந்தார், கூட்டாளிகள் கடலில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. போன டிசம்பரில் அப்பா அம்மா கல்யாண நாளுக்கு எல்லோருமாகக் கேரளத்துக் கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். ராத்திரி என் மனைவி பிள்ளைகளோடு இருந்துகொண்டாள். நான் அவர்கள் இருவரையும் பெரியவர்களுக்கான மீன் உணவகத்துக்கு அழைத்துப் போனேன்.

நுழைந்ததும், நொறுக்கிய ஐஸில் மீனை அடுக்கி, எலுமிச்சை வட்டங்களெல்லாம் வைத்து அலங்கரித்திருந்தார்கள். 'இன்றைய மீன்' என்று பலகை. அப்பா உட்காரவே இல்லை. நெய்மீனின் கண்ணைப் பார்த்தார். குழி விழுந்து, மேலே வெள்ளை படர்ந்திருந்தது. பரிமாறுகிறவரிடம் கேட்டுவிட்டுச் செவுளைத் தூக்கினார். சிவப்பு போய்ப் பழுப்பாக இருந்தது. "இது வந்து ஒரு வாரம் இருக்கும் மக்கா. கெட்டுப்போவல்ல, ஆனா இன்னைக்குள்ள மீன் இல்ல" என்று என் காதில் சொன்னார்.

அப்புறம் கணவாய் மீன் இருந்த பக்கம் போனார். சுண்டுவிரலால் தோலைத் தொட்டார். தொட்ட இடத்தில் செம்புள்ளிகள் விரிந்தன, சுருங்கின. அம்மா குனிந்து பார்த்துச் சிரித்தார். பிடித்துச் சில மணி நேரம் வரைக்கும் கணவாய்த் தோலில் அந்தப் புள்ளிகளுக்கு உயிர் இருக்கும். நேரமானால் தோல் பால் போல வெளுத்துவிடும், தொட்டாலும் அசையாது. "புள்ளி ஓடுது பாரு, இது இன்னைக்கு வந்தது" என்றார் அப்பா.

சமையல்காரர் வெளியே வந்தார். விழிஞ்ஞத்துக்காரர். இரண்டு பேரும் மலையாளத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாருடைய வள்ளம், எத்தனை பாகம் ஆழம், காற்று எந்தப் பக்கம் என்று பத்து நிமிஷம் போனது. நெய்மீன் குளிர் அறையிலிருந்து எடுத்தது, கணவாயும் அயலையும்தான் அன்று விழிஞ்ஞத்தில் வாங்கியது என்று அவரே சொன்னார். கணவாயை வளையமாக வெட்ட வேண்டாம், முழுசாகக் கீறி உப்பும் மிளகும் தடவிக் காய்ந்த கல்லில் இரண்டு நிமிஷம் போட்டால் போதும் என்றார் அப்பா. கொஞ்சம் கூடிப்போனாலும் ரப்பர் மாதிரி ஆகிவிடும். அயலையைக் குடம்புளி போட்டுக் கறி வைத்து, கூட மரச்சீனிக் கிழங்கு அவித்தது. அது மெனுவில் இல்லை. அந்த மனிதர் எங்களுக்காகச் செய்து தந்தார்.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்து அப்பா மரச்சீனியைக் கறியில் பிசைந்து சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பிடித்த மீன் நாற்பது வருஷமாக இப்படிப்பட்ட மேசைகளுக்குப் போயிருக்கிறது. அவர் அங்கே உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வடசேரி

எங்களுக்குப் பில்லில் அடி விழுந்தது. ரிசார்ட் பெயர் வேண்டாம். மெனுவில் கலவா மீன் 480 ரூபாய் என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் '100 கிராமுக்கு' என்று இருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. எடை காட்டவும் இல்லை. மீன் 1 கிலோ 350 கிராமாம், 6480 ரூபாய் ஆகிவிட்டது. சுத்தம் செய்வதற்கு முன்னால் உள்ள எடை அது. தலை, குடல், செதில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு. மாமனார் முன்னால் பேச்சு வளர்க்க வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை.

இன்னொன்று, இந்த மாதிரி இடங்களில் ஜிஎஸ்டி வேறு. அறை வாடகை நாளுக்கு 7500 ரூபாயைத் தாண்டுகிற ஹோட்டலுக்குள் சாப்பிட்டால் 18 சதவீதம். நம் ஊர் மீன் சாப்பாட்டுக் கடையில் 5 சதவீதம்தான். அது சட்டப்படி உள்ளது, கேட்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது செல்லும் என்று சொல்லியிருக்கிறது. எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். களியக்காவிளை அக்கா எடை போடுவதை முன்னால் நின்று பார்த்தது மாதிரி எல்லோரும் பார்த்துவிடுங்கள்.

குலசேகரம் டீச்சர்

நாங்கள் போனது ஜூலையில், நல்ல மழை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. நம் குமரி மாவட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். வள்ளக்காரர்கள் போவார்கள், ஆனால் கடல் அனுமதிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் 'கடல் இறால்' என்று தட்டு நிறைய வைத்தார்கள். எங்கிருந்து என்று பொறுமையாகக் கேட்டதும், ஆந்திராவில் பீமாவரம் பக்கத்துக் குளத்தில் வளர்த்த வனாமி இறால் என்று உண்மையைச் சொன்னார்கள். நல்ல இறால்தான், ருசியாகவே இருந்தது. கடல் இறாலின் விலையை அதற்குக் கொடுத்ததுதான் வருத்தம். மீனுக்காகவே போகிறவர்கள் ஆகஸ்டில் போங்கள். தடை முடிந்து படகு திரும்பும்போது கிளிமீனும் கணவாயும் குவியும்.

குளச்சல் மருமகன்

சிங்கிறால் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி வீட்டார் குளச்சலில் சிங்கி வலை போடுகிறவர்கள். போன வருஷம் ஒரு ரிசார்ட்டில் உயிரோடு சிங்கிறால் காட்டினார்கள். தூக்கியதும் வாலைச் சட்டென்று உள்ளே மடக்கி அடித்தது, அப்படி இருந்தால்தான் வாங்க வேண்டும். ஆனால் திருப்பிப் பார்த்தால் வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை, கொத்துக் கொத்தாக. 'முட்டையோடு, ஸ்பெஷல்' என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முட்டைச் சிங்கி வலையில் ஏறினால் மாமா அதைத் திரும்பக் கடலில் விடுவார், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான முட்டை சுமக்கும். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கேட்டோம். அப்புறம் வந்தது கையளவுக்குச் சின்னது. நம் பாறைகளில் கிடைக்கிற இந்தச் சிங்கி 200 கிராமுக்குக் கீழே இருந்தால் ஏற்றுமதிக்கே எடுக்க மாட்டார்கள். அதையும் விட்டுவிட்டுச் சிப்பி வாங்கிச் சாப்பிட்டோம். தேங்காய்க் கொத்து போட்டுப் புரட்டியது. வாய் திறக்காமல் கிடந்த இரண்டு சிப்பியை அவர்களே எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறினார்கள். அந்த அக்கறை பிடித்திருந்தது.

பளுகல்

கல்யாண நாள், பிறந்த நாள் என்று போகிறவர்கள் கவனிக்க: கேரளத்தில் மாதம் 1ஆம் தேதி ட்ரை டே, மது கிடைக்காது. நாங்கள் மீனோடு வைன் சாப்பிடலாம் என்று ஆசையாகப் போனது 1ஆம் தேதி. கூட வந்த தம்பிக்கு 22 வயது. அங்கே மது வாங்க 23 முடிந்திருக்க வேண்டும், அதனால் மறுநாளும் அவனுக்குக் கிடைக்கவில்லை. மீன் மோளி மட்டும் மறக்க முடியாதது. ஆப்பம் நான்கு சாப்பிட்டேன்.

களியக்காவிளைக்காரி

எல்லோருக்கும் நன்றி. தூத்தூர்த் தம்பி எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். கணவாய்ப் புள்ளி ஓடுகிற இடம் வந்ததும் மாமா தலையை ஆட்டினார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டே கேட்டார், "அந்த நண்டுல பெருஞ்சீரகம் போட்டிருந்தானா?"

போட்டிருந்தார்கள் என்றேன். கொடுக்கு எவ்வளவு பெரியது என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். "அவ்வளவா?" என்று அவரும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரரையும் கொழுந்தனையும் முள்ளெடுத்து ஊட்டி வளர்த்து, இப்போது பேரப்பிள்ளைகளுக்கும் எடுத்துக்கொண்டிருக்கிற கை.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமைக்கு அதே உணவகத்தில் டேபிள் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேருக்கு, மாமா பெயரில். மத்தியானமே கூப்பிட்டு நண்டு வந்ததா என்று கேட்டுச் சொல்வதாக அந்தப் பாறசாலைப் பையன் ஒத்துக்கொண்டான். பிள்ளைகளோடு நாங்கள் அறையில் இருப்போம்.