மறு: மொண்டெனேகுரோ அட்டவணை – ‘இனம்’ என்று மட்டும் போட்டால் போதுமா?

வணக்கம். தென்கிழக்கு ஐரோப்பிய நாடான மொண்டெனேகுரோவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையைத் தமிழாக்குகிறோமே, அதில் இனப் பத்திக்கு (நெடுவரிசைக்கு) என்ன தலைப்பு வைப்பது என்ற உங்கள் கேள்விகளுக்கு என் பதில்.

> மூலத்தில் ‘நாத்சியோனால்னா பிரிபத்னோஸ்த்’ என்று இருக்கிறது. ‘தேசிய இனம்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான். ஆனால் நம் காதில் ‘தேசிய இனம்’ என்றதும் நிலம், மொழி, தன்னாட்சி உரிமை எல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே பத்தியில், தனக்கென ஒரு நிலப்பகுதி இல்லாமல் ஐரோப்பா எங்கும் பரவி வாழும் ரோமா மக்களும் 1 விழுக்காடு இருக்கிறார்கள். ‘பிரிபத்னோஸ்த்’ என்றால் ஒன்றைச் சேர்ந்திருப்பது, அவ்வளவே. நேற்று பரிந்துரையாக வந்த ‘இனச்சேர்வு’ அதற்கு நெருக்கமானதுதான். ஆனால் படித்ததும் ‘இனச்சேர்க்கை’ நினைவுக்கு வந்து, விலங்கியல் பாடத்துக்குப் போய்விட்டேன். மன்னிக்கவும். ‘இனச்சார்பு’ என்றாலோ பாரபட்சம்.

என் பரிந்துரை: ‘அறிவித்த இனம்’.

ஏன் ‘அறிவித்த’? எண்களைப் பாருங்கள். 1991இல் தங்களை மொண்டெனேகுரோவர் என்று சொன்னவர்கள் கிட்டத்தட்ட 62%, செர்பியர் என்றவர்கள் 9%. 2003இல் அதுவே 43%, 32%. மொத்த மக்கள்தொகை இரண்டு முறையும் ஆறு லட்சத்துச் சொச்சம்தான். பன்னிரண்டு ஆண்டில் பிறப்பு இறப்பாலும் குடிபெயர்வாலும் மட்டும் இப்படி ஆகாது. நடுவில், 1997இல், ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தது. செர்பியாவோடு இருப்பதா, தனி நாடாவதா என்ற கேள்வி வீட்டுக்குள் வந்தது. அதே ஆள், அதே வீடு, கணக்கெடுப்பாளரிடம் வேறு பதில். (தனி நாடாவது பற்றிய 2006 வாக்கெடுப்பில் தேவைப்பட்டது 55%, கிடைத்தது 55.5%. அவ்வளவு இழுபறி.) 2023 கணக்கில் மொண்டெனேகுரோவர் 41%, செர்பியர் 33%.

வெறும் ‘இனம்’ என்றால் பிறப்போடு ஒட்டியது என்றே படிப்பவர் நினைப்பார். இது வாயால் சொன்னது. அப்புறம், சொல்ல விரும்பாதவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு: 2011இல் 4.87%. ‘இனம் அறிவிக்காதோர்’ என்று அது தானாகவே அமைந்துவிடுகிறது. ‘தேசிய இனம்’ வைத்து இந்த வரிசைக்குப் பெயர் கட்டிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தாய்மொழிப் பத்திக்கும் இதே அடைமொழி வேண்டும். 2011இல் செர்பிய மொழி என்றவர்கள் 43%, செர்பியர் என்றவர்கள் 29% கூட இல்லை. மொண்டெனேகுரோவர் என்று சொல்லிக்கொண்டே மொழி செர்பியம் என்றவர்கள் நிறையப் பேர்.

> ‘முஸ்லிம்கள்’ எப்படி இனப் பத்தியில் வந்தார்கள்? பிழையா?

பிழை இல்லை. மொண்டெனேகுரோ அப்போது சேர்ந்திருந்த யூகோசுலாவியாவின் 1971 கணக்கெடுப்பில் அது முழு அளவிலான இனப்பெயர். அந்நாட்டு எழுத்துமுறையில் ‘முஸ்லிம்’ என்ற சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் இனம், சிறிய எழுத்தில் தொடங்கினால் மதம். நமக்குப் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாதே! 1993இல் பொஸ்னியத் தலைநகர் சரயேவோவில் இந்த இனத்துக்கு ‘பொஸ்னியாக்’ என்ற பெயரை ஏற்ற பிறகு பலர் அதற்கு மாறினார்கள், எல்லோரும் இல்லை. அதனால்தான் 2011 அட்டவணையில் பொஸ்னியாக் 8.65%, முஸ்லிம் 3.31% என்று இரண்டு வரிசை.

இலங்கைக் கணக்கெடுப்பில் இந்தச் சிக்கலை வேறு சொல் கொண்டு தீர்த்திருக்கிறார்கள்: இனப் பத்தியில் ‘இலங்கைச் சோனகர்’, மதப் பத்தியில் ‘இஸ்லாம்’. மொண்டெனேகுரோக்காரரைச் சோனகர் என்று எழுத முடியாது, சரி. ‘முஸ்லிம் இனத்தவர்’ என்று இனப் பத்தியிலும் ‘இஸ்லாம்’ என்று மதப் பத்தியிலும் வைக்கலாம். மதப் பத்தியில் ‘முஸ்லிம்’ என்ற சொல்லே வேண்டாம்.

நாட்டில் உள்ள எல்லோரையும் குறிக்க ‘மொண்டெனேகுரோ மக்கள்’, இனத்துக்கு மட்டும் ‘மொண்டெனேகுரோவர்’ என்று நான் பிரித்து எழுதிவருகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

‘பொஸ்னியர்’, ‘பொஸ்னியாக்’ இரண்டும் வேறு. முன்னது பொஸ்னியா நாட்டவர் யாராக இருந்தாலும் பொருந்தும். நேற்றைய வரைவில் மூன்று இடத்தில் கலந்திருக்கிறது, திருத்திவிடுகிறேன். பன்மைக்குப் ‘பொஸ்னியாக்குகள்’ என்பது மட்டும் காதில் உறுத்துகிறது. ‘பொஸ்னியாக்கர்’ சரியாக வருமா?