புதுப்பிப்பு: மஞ்சளாகிப் போன கராத்தே உடை

பையனின் வெள்ளைக் கராத்தே உடை தோய்க்கத் தோய்க்க மஞ்சளாகிறது, ஈரவாடையும் போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் பிளீச் போடச் சொன்னீர்கள். போடவில்லை, நல்லதாகப் போயிற்று.

வியர்வை ஒரு பங்குதான். பெரிய பங்கு எங்கள் போர் தண்ணீர். மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் தெருவில் ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் காவி படிந்திருக்கும். கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது. குளோரின் பிளீச் அதை இன்னும் வேகப்படுத்தும், கறை நூலிலேயே பிடித்துக்கொள்ளும்.

மளிகைக் கடை லெமன் சால்ட்டை (சிட்ரிக் அமிலம்தான்) வெதுவெதுப்பான நீரில் கரைத்து அரை மணி ஊறவைத்தேன். அப்புறம் சோப்புத்தூள், கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர். புது வெள்ளை இல்லை, ஆனால் மஞ்சள் நன்றாகக் குறைந்தது. இதோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். கொதிநீரும் வேண்டாம், பருத்தி சுருங்கி கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

வாடைக்கு வைத்தியம் சுலபம்: வகுப்பு முடிந்து வந்ததும் பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதற்குப் பையனோடு தினமும் சண்டை. ஐப்பசி மழையில் கொடியை நம்ப முடியாது, மின்விசிறிதான்.

பெல்ட்டையும் துவைக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். துவைக்கக் கூடாது என்பது பல வகுப்புகளில் வழக்கம், எங்கள் மாஸ்டரும் அப்படித்தான். துவைத்தே ஆக வேண்டுமென்றால் தனியாகத் துவையுங்கள் அக்கா, சாயம் போகும்.